நூல் மேஸ்திரி கட்டிய கோணல் கரை

பெற்றவர்கள் அவருக்கு ஆசையாய் ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இப்போது கடவுளுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மனைவியும் "என்னங்க", "இந்தாங்க" என்பதோடு சரி. மற்ற எல்லாருக்கும் அவர் நூல் மேஸ்திரி.

சுவர் கட்டுகிற எவரும் நூல் பிடித்துத்தான் கட்டுவார்கள், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த மேஸ்திரி விஷயத்தில் நூல்தான் இவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வேலை இடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். சட்டைப் பையில், ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றியபடி அது எப்போதும் இருக்கும். காலையில் வேலைக்கு வந்ததும் அதை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார். கண்ணை மூடிப் படைத்தவனிடம் ஏதோ ஒரு வார்த்தை சொல்லுவார். அது முடிகிற வரைக்கும் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்புறம்தான் ஆணி, அப்புறம்தான் கரணை. அந்த நூலை வேறு யாரும் தொடக்கூடாது. பல வருஷமாக அவரோடு வேலை செய்கிற சித்தாளம்மா, கலவை குழைப்பதிலிருந்து அவரைத் திட்டுவது வரை எல்லா உரிமையும் உள்ளவள். அவளுக்கும் அந்த நூலைத் தொட அனுமதி கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். வாசலில் கிடக்கிற செருப்புகள் வரிசையாக நிற்க வேண்டும். சுவரில் மாட்டிய கடிகாரம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"குறுக்கே படுத்துத் தூங்குற பூனையக்கூட நேரா திருப்பிப் படுக்க வச்சிட்டுத்தான் உள்ள வருவாரு" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லுவாள். "நல்லவேளை, என் மூக்கு நேரா இருந்துச்சு. இல்லைன்னா பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எந்திரிச்சுப் போயிருப்பாரு."

இப்படி நேராய்க் கட்டின மனுஷனுக்கு மனசுக்குள் ஒரே ஒரு குறை. அவர் கட்டிய சுவர்கள் ஊர் பூராவும் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், கடைத்தெருவில், எங்கே திரும்பினாலும் அவர் கை பட்ட செங்கல். ஆனால் ஒன்றாவது கண்ணுக்குத் தெரிகிறதா? சுவர் எழும்பின மறுவாரமே பூச்சுக்காரர்கள் வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் பெயிண்டர் வருவான். அந்தப் பெயிண்டர் வேறு யாரும் இல்லை, அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பிதான்.

"மாமா, நீங்க கஷ்டப்பட்டு கட்டுறீங்க, நான் வந்து மூடுறேன்" என்பான் அவன். "எந்த ஊர்லயாவது சுவர் யாரு கட்டினதுன்னு எவனாவது கேட்டிருக்கானா? என்ன கலருன்னுதான் கேப்பான்."

"மூடுறதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல, மச்சான். போ, மூடு" என்று மேஸ்திரி சிரித்துவிடுவார். சிரித்தாலும் அது முள் மாதிரி உள்ளே இருந்தது. தான் அடுக்கினது அடுக்கினபடி, நாலு பேர் பார்க்கிற மாதிரி ஒன்றாவது இந்தப் பூமியில் இருந்துவிட்டால் போதும் என்று அவர் கடவுளிடம் கேட்டுக்கொண்டதுண்டு.

அப்படி இருக்கையில்தான் நகராட்சி ஒரு நீச்சல் குளம் கட்ட முடிவு செய்தது.

ஊர் ஓரத்தில், பெரிய சாலை வளைந்து திரும்புகிற இடத்தில் ஒரு பாறைக் குன்று உண்டு. அதன் மடியில் ஒரு பள்ளம், பள்ளத்தைச் சுற்றிக் கொஞ்சம் மரம், புல். குளம் அங்கேதான். அதை வரைந்து கொடுத்தவர் ஒரு பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, சேற்றில் யாருக்கும் முன்னால் இறங்குகிறவர். வேலைக்காரர்கள் அவரை டிராயிங் அம்மா என்றார்கள்.

முதல் நாள் எல்லாரையும் பாறை மேல் உட்கார வைத்து அவர் விளக்கினார். உடை மாற்றுகிற அறைகள் சரிவுக்குள் புதைந்திருக்கும், அவற்றின் கூரை மேல் புல் வளரும். சாலையில் போகிறவனுக்கு ஒரு கட்டடமும் தெரியாது. குளத்துக்கு உள்ளே நீலம் அடிக்கக்கூடாது, கருஞ்சாம்பல் பூச்சுதான். வானமும் பாறையும் என்ன நிறமோ, அந்த நிறத்தைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் குன்றே கரை. எதிர்ப் பக்கம், பள்ளம் தோண்டும்போது வெட்டியெடுத்த அதே பாறைக் கல்லை அடுக்கிக் கரை கட்டி, இரண்டு முனையையும் குன்றோடு சேர்க்க வேண்டும்.

மேஸ்திரி கையைத் தூக்கினார். "அந்தக் கரைக்கு மேல பூச்சு உண்டா மேடம்?"

"கிடையாது மேஸ்திரி."

"டைல்ஸ்?"

"ஒண்ணும் கிடையாது."

"பெயிண்டு?"

"பெயிண்டர் இந்தப் பக்கம் தலை வச்சே படுக்க வேண்டாம். நீங்க வைக்கிற கல்லு, குளம் இருக்கிற வரைக்கும் வச்ச மாதிரியே இருக்கும். ஆனா, கட்டினது மாதிரி மட்டும் தெரியக்கூடாது."

அந்தக் கடைசி வார்த்தை மேஸ்திரி காதில் ஏறவே இல்லை. அதற்கு முந்தினதிலேயே அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "மச்சானைக் கூப்பிடு. அவன் தொழில் போச்சுன்னு சொல்லு" என்றார், வாயெல்லாம் பல்லாக.

அந்தக் கரையைக் கட்டுகிற வேலை தன் கையை விட்டுப் போய்விடக்கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் நினைப்பு. முழுக் கரைக்கு முன்னால் மாதிரிக்காக ஒரு சின்ன நீளம் கட்டிக் காட்ட வேண்டும், அது பிடித்திருந்தால்தான் மிச்சம் என்று சைட் இன்ஜினியர் சொல்லியிருந்தார். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் மழைக்காலம் வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்று எப்போதும் வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

மேஸ்திரி நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தார். ஒவ்வொரு கல்லையும் உளியால் தட்டி முகம் திருத்தினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். பெற்ற பிள்ளைக்குத் தலைவாரி விடுகிற மாதிரி ஒவ்வொரு இணைப்பையும் வழித்துவிட்டார். முடிந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்திலிருந்து பார்த்தார். கத்தியால் வெட்டின மாதிரி ஒரே கோடு. அவருக்கே கண் கலங்கியது.

டிராயிங் அம்மா வந்தார். பார்த்தார். பூட்ஸைப் பாறையில் தேய்த்துச் சேற்றைத் துடைத்தார். எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"மேஸ்திரி, இவ்வளவு சுத்தமான வேலைய நான் பாத்ததில்ல."

"எல்லாம் ஆண்டவன் கிருபை மேடம்."

"ஆனா, இது வேணாம்."

மேஸ்திரியின் முகம் தொங்கிப்போனது. டிராயிங் அம்மா எதிரே இருந்த குன்றைக் காட்டினார். "அங்க பாருங்க. அந்தப் பாறை இறங்கி வந்து தண்ணிக்குள்ள போகப் போகுது. இந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கு அதே பாறை தண்ணிக்கு அடியில வந்து, இங்க எந்திரிச்ச மாதிரி இருக்கணும். நேர்க்கோடு வேண்டாம். கோணலா கட்டுங்க."

"கோணலா?" என்றார் மேஸ்திரி. கெட்ட வார்த்தையைக் கேட்டவர் மாதிரி.

"நல்லா கோணலா. தண்ணி தேங்கினா அதுவே ஒரு நேர்க்கோடு போட்டுக்கும். அந்த வேலைய தண்ணி பாத்துக்கட்டும். நீங்க கல்லை மட்டும் பாருங்க."

அவர் போனதும் சித்தாளம்மா தலைத்துணியை அவிழ்த்து உதறிக் கட்டினாள். "இத்தன வருஷமா 'கோணலா வச்சிட்டியே, கோணலா வச்சிட்டியே'ன்னு என்னைத் திட்டினீங்களே அண்ணே. இப்ப பாருங்க, என் கைராசி!"

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா கலவை யாரு போடுறது?"

பிரித்துவிட்டு மறுபடி கட்டினார். இந்தத் தடவை கோணல். ஒரு கல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அடுத்தது உள்ளே போகும். ஒன்று உயரம், அடுத்தது குட்டை. இதைச் செய்ய அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். துருத்திய கல்லை வைக்கும்போதெல்லாம் யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்கிற மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். ஒருவழியாக முடித்துத் தள்ளி நின்றார்.

"எப்படி?" என்றார்.

சித்தாளம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். விரலை நீட்டிக் கல் கல்லாகக் காட்டினாள். "வெளிய, உள்ள. வெளிய, உள்ள. வெளிய, உள்ள. அண்ணே, இதென்ன ரம்பமா?"

மேஸ்திரி பார்த்தார். அவள் சொன்னது உண்மை. கோணலைக்கூட அவர் அளவெடுத்துச் சம இடைவெளியில் வைத்திருந்தார். துருத்திய கல்லெல்லாம் ஒரே அளவு துருத்தியிருந்தன. அதிலும் வெட்கக்கேடு என்னவென்றால், கை தானாகவே நூலைக் கட்டியிருந்தது. வெளியே வரும் கல்லுக்கு ஒரு நூல், உள்ளே போகும் கல்லுக்கு ஒரு நூல்.

டிராயிங் அம்மா பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்துவிட்டதற்காக மன்னிப்பும் கேட்டார். ஆனால் சைட் இன்ஜினியர் சிரிக்கவில்லை. அவர் மேகத்தைப் பார்த்தார்.

"மேஸ்திரி, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நாள் ஓடுது. இன்னும் ஒரு தடவை கட்டிக் காட்டுங்க. சரியா வரலைன்னா வெளியூர்ல தோட்டத்துக்குப் பாறை அடுக்குற ஆளுங்க இருக்காங்க, அவங்கள வரச் சொல்லிடுறேன். நீங்க உடை மாத்துற ரூமுக்குப் போயிடுங்க. அங்க எல்லாம் நேர் சுவர்தான், உங்களுக்குத் தோதா இருக்கும்."

நேர் சுவர். அதற்கு மேல் பூச்சு, பூச்சுக்கு மேல் மச்சான்.

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருக்க, மேஸ்திரி வாசலுக்குப் போனார். ஒரு செருப்பைக் காலால் லேசாகத் தள்ளிக் கோணலாக விட்டார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"என்னங்க, எறும்பு கடிக்குதா?"

"ஒண்ணுமில்ல, பழகிப் பாக்குறேன்."

"என்னத்த?"

"கோணல."

மச்சானுக்குப் புரை ஏறிவிட்டது. "ஊர்ல எல்லாரும் நேரா இருக்க பழகுவாங்க மாமா. நீங்க இந்த வயசுல கெட்டுப்போகப் பழகுறீங்க!"

மேஸ்திரியால் அதற்கு மேல் முடியவில்லை. விடுவிடென்று போய்ச் செருப்பை நேராக வைத்துவிட்டு வந்துதான் மூச்சு விட்டார். மனைவி சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கரை உங்களுக்கு அவ்வளவு முக்கியமா?"

"மூடாத வேலை அது ஒண்ணுதான்மா."

"அப்ப கடவுளைக் கேளுங்க. எதுக்கெடுத்தாலும் கேப்பீங்களே, இதுக்கு மட்டும் என்ன வெக்கம்?"

வெட்கம்தான். கோணல் புத்தியை நேராக்கு என்று உலகமே அவனைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, எனக்குக் கொஞ்சம் கோணலைக் கொடு என்று ஒருத்தன் போய் நிற்பது எப்படி? ஆனாலும் மறுநாள் காலை நூலைக் கண்ணில் ஒற்றியபோது அவர் அதைத்தான் கேட்டார். அவ்வளவு மெதுவாகக் கேட்டார், பக்கத்தில் இருந்த சித்தாளம்மாவுக்குக்கூடக் கேட்கவில்லை.

கேட்டுவிட்டு, நூலைச் சட்டைப் பையில் போடாமல் கழற்றிப் பாறை மேல் வைத்தார். இனிமேல் இது கையில் இருந்தால்தானே வம்பு. கண்ணை மூடிக்கொண்டு கல்லைத் தூக்கிப் போட்டார். விழுந்த இடத்தில் விழுந்த மாதிரியே கலவை வைத்து நிறுத்தினார். இப்படியே மதியம் வரைக்கும்.

சித்தாளம்மா சட்டியைக் கீழே வைத்தாள். "லாரிக்காரன் கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கு அண்ணே."

"கோணலா இருக்கா இல்லியா?"

"கோணலா இருக்கு. ஆனா அந்தா நிக்குதே குன்று, அது இப்படியா இருக்கு? அத பாத்தா படைச்சவன் யோசிச்சு வச்ச மாதிரி இருக்கு. இத பாத்தா நீங்க கோபத்துல போட்ட மாதிரி இருக்கு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. மேஸ்திரி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போனார். பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிவிட்டார். நாளைக்கு உடை மாற்றுகிற அறைக்குப் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் கண்ணயர்ந்தும் போனார்.

விழித்துப் பார்த்தால் எதிரே குன்றில் வெள்ளையாய் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. சித்தாளம்மாவின் தலைத்துணி. துவைத்துக் காயப் போட்டிருந்தாள். எதில் காயப் போட்டிருந்தாள் என்று பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய நூலில்! பாறையின் மேல் இடுக்கில் ஒரு முனையையும் கீழ் இடுக்கில் ஒரு முனையையும் செருகி, கொடி கட்டியிருந்தாள்.

"அடியே! அது என்னன்னு நெனச்ச!"

"நீங்கதான் வேணாம்னு தூக்கிப் போட்டீங்களே. சும்மா கெடக்குறதுக்கு என் துணியாவது காயட்டும்னு கட்டினேன். நல்ல நூலு, தாங்குது."

மேஸ்திரி கோபமாய் எழுந்து போனார். பாதி வழியில் அவர் கால் நின்றுவிட்டது.

நூல் சாய்ந்திருந்தது. மேலிருந்து கீழாக, இடப் பக்கம் சரிந்து இறங்கியது. அதற்குத் துணியின் பாரம் காரணமில்லை. மேல் இடுக்கிலிருந்து கீழ் இடுக்கு வரை பாறையில் ஒரு வரி ஓடியது. மெல்லிய வெடிப்பு மாதிரி, கறுப்பாய். நூல் அந்த வரி மேலேயே படுத்திருந்தது, தப்பாமல். அவர் கொஞ்சம் கண்ணைக் கீழே இறக்கினார். அடியில் இன்னொரு வரி. அதுவும் அதே சாய்வு. அதற்கும் கீழே இன்னொன்று. ஒன்று பக்கத்தில், ஒன்று தள்ளி; ஒன்று பட்டை, ஒன்று மெல்லிசு. ஆனால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றுக்கொன்று துணையாய், குன்று பூராவும் இறங்கிக்கொண்டிருந்தன. இத்தனை நாளாய்க் காலையும் மாலையும் இந்தப் பாறையைப் பார்த்தவர்தான். ஒருநாளும் கண்ணில் படவில்லை.

"அண்ணே, துணிய எடுத்துடுறேன், அப்படி முறைக்காதீங்க."

"தொடாத" என்றார் மேஸ்திரி. "தொடாத. அப்படியே இருக்கட்டும்."

அவர் மண்டியிட்டார். சித்தாளம்மா பயந்துபோனாள். ஆனால் அவர் அங்கே கிடந்த ஒரு பாறைத் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அதிலும் வரி இருந்தது. அந்தக் குன்றிலிருந்து வெட்டினதுதானே, அதன் வரிதானே அதிலும் ஓடும். இதை இவ்வளவு நாளும் உளியால் தட்டி, முகம் திருத்தி, வரியை அழித்து, மட்டம் வைத்து அடுக்கியிருக்கிறார்.

"மலைக்கும் நூல் இருக்கும்மா" என்றார் சித்தாளம்மாவைப் பார்த்து. "அவனும் நூல் பிடிச்சுத்தான் கட்டியிருக்கான். நம்ம மாதிரி படுக்கையா பிடிக்கல, சாய்வா பிடிச்சிருக்கான். அவ்வளவுதான்."

"அப்ப என் துணிதான் கண்டுபிடிச்சுது" என்றாள் அவள்.

ரசமட்டத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டார். அந்தச் சாய்வை ஒரு நீளப் பலகையில் கோடு கிழித்து எடுத்துக்கொண்டு எதிர்க் கரைக்கு வந்தார். காலையில் போட்டதையெல்லாம் பிரித்துவிட்டு, நூலை அந்தக் கோட்டின்படி சாய்த்துக் கட்டினார். கண்ணில் ஒற்றி மறுபடி ஒரு தடவை வேண்டிக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்து அதன் வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, குன்றின் வரியோடு சேருகிற மாதிரி உட்கார வைத்தார். எதையும் தட்டவில்லை. பெரியது பெரியதாகவே இருந்தது, மூளி மூளியாகவே இருந்தது. வரியை மட்டும் சேர்த்துவிட்டால் போதும், கல் தானாகவே ஒரு படுக்கையைத் தேடிக்கொண்டது. சில கல் துருத்தியது, சில கல் பின்வாங்கியது. எது எப்படிப் போகும் என்று அவருக்கே முன்னால் தெரியவில்லை. அது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அதே பாறையின் தூளைக் கலவையில் கலந்து, வெளியே தெரியாமல் ஆழத்தில் அடைத்தார். சித்தாளம்மாவுக்குக் கை ஓயவில்லை. அவரோ பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பாட வராது. அதை அவள் அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் டிராயிங் அம்மாவும் இன்ஜினியரும் வந்தார்கள். மேஸ்திரி ஓரமாய் நின்றுகொண்டார், கையைக் கட்டிக்கொண்டு.

இன்ஜினியர்தான் முதலில் வாயைத் திறந்தார். "எங்க மேஸ்திரி, இன்னும் ஆரம்பிக்கலியா?"

டிராயிங் அம்மா எதிரே குன்றைப் பார்த்தார், கீழே கல்லைப் பார்த்தார். மறுபடி குன்றைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்து உள்ளங்கையை ஒரு கல்லின் மேல் வைத்து, அந்தச் சாய்வோடு கையை இழுத்துக்கொண்டே போனார்.

"இதுதான் மேஸ்திரி" என்றார். "நான் வரைஞ்சு வச்சிருக்கேன், பாருங்க, இதே சாய்வு. வரையத் தெரிஞ்ச எனக்கு இத சொல்லத் தெரியல. கோணல் கோணல்னு சொல்லி உங்களப் படுத்திட்டேன். இதுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க நீங்க?"

"மலையோட நூலு மேடம்."

"அப்ப முழுக் கரையும் மலையோட நூல்லயே கட்டிடுங்க." அவர் கையை நீட்டினார். மேஸ்திரி தன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். ஆனாலும் கலவை ஒட்டத்தான் செய்தது.

இன்ஜினியர் அன்றைக்கு வானத்தைப் பார்க்க மறந்துவிட்டார்.

அந்தக் கரை முடிகிற வரைக்கும் மேஸ்திரி வீட்டில் ஒருநாளும் கடிகாரத்தைத் திருத்தவில்லை என்று மனைவி சொல்கிறாள். அவரைக் கேட்டால், சுவரைப் பார்க்க நேரம் இல்லை என்பார். தண்ணீர் விட்ட அன்று அவர் கரை மேல் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் ஊறி ஊறி மேலே வந்தது. சாய்ந்த கல்லையெல்லாம் ஒவ்வொன்றாய்த் தொட்டு ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. டிராயிங் அம்மா சொன்னபடியே குளத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டது. அவர் வாழ்நாளில் அவ்வளவு நேரான கோட்டைப் பார்த்ததில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு இரண்டு கண்ணையும் மூடிக் கை குவித்தார்.

குளம் திறந்தபின் ஒரு விடுமுறை நாளில் மனைவியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல வெயில். தண்ணீரில் கூச்சலும் சிரிப்புமாய் ஜனம். வயதான ஒருவர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் குன்றுப் பக்கமிருந்து குதித்தார்கள். அக்காவும் தம்பியும் புல் கூரை மேலேயே நடந்து வந்தார்கள். "எங்க மாமா, உடை மாத்துற ரூமெல்லாம்?" என்று கேட்டான் மச்சான். "உன் காலுக்கு அடியில" என்றார் மேஸ்திரி.

சரிவில் இறங்கி, மரத்தைச் சுற்றி, குன்றை ஒட்டித் தண்ணீர் பக்கம் வந்து நின்றார்கள். மனைவி காற்று வாங்கினாள். சுற்றிப் பார்த்தாள்.

"அழகா இருக்குங்க. நீங்க கட்டினது எங்க இருக்கு?"

மேஸ்திரி சிரித்துக்கொண்டே நின்றார்.

"தள்ளியா இருக்கா? நடக்கணுமா?"

"நீ நிக்கிறம்மா அது மேல."

அவள் குனிந்து பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காலை எடுத்து வைத்துப் பார்த்தாள். "இது பாறைங்க."

"நான் கட்டின பாறை."

"விடுங்க மாமா" என்றான் மச்சான். "கட்டினதுன்னா ஒரு இணைப்பு இருக்கும். எத்தன சுவர் பாத்திருக்கேன் நான்! எங்க, ஒரு இணைப்பைக் காட்டுங்க, ஒத்துக்கிறேன்."

"காட்டுறேன்டா" என்று மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மாதிரிக்காகச் சாய்த்துக் கட்டிய முதல் இடம் எது? இதுதான், இந்த மூளிக் கல்லுக்குப் பக்கத்தில். விரல் நகத்தால் தடவினார். இல்லை, இது குன்றிலேயே இருந்த கல். அப்படியானால் அது. அதிலும் நகம் ஏறவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்த் தடவினார். மனைவியும் சேர்ந்து தேட ஆரம்பித்தாள். "இதுவா இருக்குமோ?" என்றாள். "இல்ல, அது மலையோடது" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தனக்கே சந்தேகம் வந்து மறுபடி பார்த்தார்.

எங்கே தன் கை நின்றது, எங்கே குன்று ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதை நம்ப முடியாமல் முழங்காலிட்டு இருந்தார். மூடாத வேலை வேண்டும் என்று கேட்டார். கொடுத்தவன், மூடாமலேயே மறைத்துக் கொடுத்திருக்கிறான். அவருக்கு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது.

தண்ணீரில் கழுத்தளவு நின்றிருந்த ஒரு பெண் அவர்கள் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீந்தி வந்தாள்.

"எதையாவது தொலைச்சிட்டீங்களா ஐயா?"

"ஆமாம்மா" என்றார் மேஸ்திரி. "கரையத் தொலைச்சிட்டேன்."

"கரையா? இங்க கரையே கட்டலியே. இது மலைக்குள்ள சும்மா இருந்த குளமாம். நகராட்சிக்காரங்க சுத்தம் பண்ணி விட்டாங்களாம்."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஐயோ மாமா! நான் கூட இப்படி மூடினதில்லையே!"

மேஸ்திரி கையால் தண்ணீரைத் தட்டித் தட்டி, அந்தப் பெண் முகத்தில் தெறிக்கும் அளவுக்குச் சிரித்தார். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீருக்குள் விட்டாள். கல் அவளுக்கென்றே சாய்ந்திருந்த மாதிரி இதமாக இருந்தது.

"யாரு வச்சதோ தெரியல. நல்லா இருக்குங்க, வாங்க, உக்காருங்க" என்றாள்.

அவரும் போய் அவள் பக்கத்தில் காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.